காற்றை அளக்கக் கட்டைவிரலா?



மெட்ராலஜி லேபில் நம் கையில் ஒரு சின்ன உருளையைக் கொடுத்து, "விட்டம் எவ்வளவு, சொல்லு" என்கிறார்கள். வெர்னியர் காலிபரை எடுக்கிறோம். மெயின் ஸ்கேலைப் பார்க்கிறோம். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு ஒத்துப்போகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறோம். ஜீரோ எர்ரரைக் கழிக்கிறோம். கடைசியில் 0.02 மில்லிமீட்டர் வரை விடை சொல்கிறோம். ஒரு கோடு பிசகினாலும் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மை!

அதே கையோடு சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வருகிறோம். பேருக்குத்தான் சைக்கிள் ஸ்டாண்டு. நிற்பதெல்லாம் மோட்டார் சைக்கிள். பின் சக்கரத்தைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு, ஷூ காலால் ஓர் உதை. "காத்து இருக்குடா, ஏறு போலாம்!"

காலையில் 0.02 மில்லிமீட்டர், மாலையில் கட்டைவிரல்!

ஆயுத பூஜை வந்தால் வண்டியைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். வாழைக்கன்று கட்டுகிறோம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். பூஜையைக் குறை சொல்லவில்லை, நானும் செய்கிறவன்தான். ஆனால் அந்த எலுமிச்சம்பழத்தை நசுக்குகிற டயருக்குள் காற்று எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேர் அளந்து பார்த்திருக்கிறோம்? இந்த மலரில் கவிதைகள் இருக்கும், நகைச்சுவைத் துணுக்குகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே டயரைப் பற்றி ஒருவன் எழுதுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். சிரியுங்கள். ஆனால் படித்துவிட்டுச் சிரியுங்கள். ஏனென்றால் இந்தப் பாடத்துக்கு நான் கட்டணம் கட்டியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், கட்டணம் கட்டியது நான் அல்ல, என் ரூம் மேட்.

70 வளைவும் ஒரு 42-ம்

2023 அக்டோபர். என் அண்ணன் ஓசூரில் வேலை பார்க்கிறான். அவனிடம் 2021 மாடல் கிளாசிக் 350 இருக்கிறது. லீவு கிடைத்தால் போதும், பையைக் கட்டிக்கொண்டு கன்னியாகுமரி வரைக்கும் கிளம்பிவிடுவான். பின் டயர் நடுவில் தேய்ந்து பலகை மாதிரி தட்டையாகிவிட்டது. வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, "ரெண்டு டயரையும் மாத்தி வைடா. நீதான் மெக்கானிக்கலாச்சே" என்று காசு கொடுத்துவிட்டுப் போனான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. டயர் வாங்கினேன். எங்கள் தெரு முனையில் இருக்கும் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் பொறுமையாக மாட்டினார். காற்று வைக்கும்போது, "எவ்வளவு தம்பி வைக்க?" என்று கேட்டார்.

நான் குனிந்து டயரின் பக்கச் சுவரைப் படித்தேன். அதிகபட்ச எடை, அதற்கு எதிரே ஒரு காற்றழுத்தம். "42 வைங்கண்ணா, ரெண்டுக்கும்" என்றேன்.

"42 ஜாஸ்தி தம்பி. கல்லு மாதிரி ஆயிரும்."

"இல்லண்ணா, டயர்லயே போட்டிருக்கு பாருங்க. கம்பெனிக்காரன் பொய்யா எழுதுவான்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. 42 வைத்தார். டிப்ளமோ படிக்கிறவனிடம் எதிர்த்துப் பேசுவானேன் என்று நினைத்திருப்பார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் ரூம் மேட்டைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போனேன். மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது தூறல். வலது பக்கம் திரும்புகிற ஒரு வளைவில், ஈரத் தரையில், பாதி சாய்வில் இருந்தபோது முன் பிரேக்கைக் கொஞ்சம் தொட்டேன். கொஞ்சம்தான். முன் சக்கரம் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

வேகம் அதிகம் இல்லை. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவனோ கீழே விழும்போது வலது கையை ஊன்றிவிட்டான். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரத்துக்குள்தான் மெஷின் ஷாப் பிராக்டிகல் வந்தது. லேத்தில் டூலைப் பிடிக்க வேண்டிய கை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் பரீட்சை எழுதவில்லை. மார்க் ஷீட்டில் முதல் தடவையாக அவனுக்கு ஓர் அரியர்.

அதற்காக அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ!

விழுந்ததற்கு 42 மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். தரை ஈரம். வளைவின் நடுவில் பிரேக் பிடித்தது என் தப்பு. டயர் புதுசு, அச்சில் இருந்து வரும்போது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும், முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் அதிகம் சாய்க்காமல் ஓட்டித் தோலைச் சொரசொரப்பாக்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. இத்தனையும் சேர்ந்துதான் தள்ளியது. ஆனால் மற்றவற்றை மன்னித்துவிடக்கூடிய ஒரு டயரை, மன்னிக்காத கல்லாக மாற்றியது நான் வைக்கச் சொன்ன அந்த 42.

தாங்குவது வேறு, வேண்டியது வேறு

வளைந்துபோன ஃபுட் ரெஸ்ட்டோடு வண்டியை உருட்டிக்கொண்டு போனபோது அந்தப் பஞ்சர் கடை அண்ணன் சொன்னார்: "சைடுல போட்டிருக்கறது டயரு தாங்குற காத்து தம்பி. வண்டிக்கு வேணுங்கற காத்து வேற."

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் ஒரு செமஸ்டர் முழுக்க நாம் படித்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். லிஃப்டில் 'எட்டு பேர்' என்று எழுதியிருக்கிறது. அதற்காக எட்டுப் பேர் சேரும் வரை கீழே காத்துக்கொண்டா நிற்கிறோம்? டயரின் பக்கச் சுவரில் இருப்பது எல்லை. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கிறது. பல வண்டிகளில் செயின் கவர் மேலோ ஸ்விங் ஆர்மிலோ ஒரு ஸ்டிக்கராகவும் இருக்கிறது. முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு, பின்னால் ஆள் இருந்தால் எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். வண்டியைக் கழுவும்போது அந்த ஸ்டிக்கரைத் தேய்த்துத் துடைக்கிறோம். படிப்பதில்லை!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இந்த எண்கள் கணக்குக்காக மட்டும். உங்கள் வண்டிக்கு உங்கள் கையேடுதான் வேதம். பின் சக்கரத்தின் மேல் 225 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். காற்று 32 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு 2.25 கிலோ. அப்படியானால் டயர் தரையைத் தொடுகிற இடம் சுமார் 100 சதுர செ.மீ. அதையே 42 ஆக்கினால் சதுர செ.மீ.க்கு 2.95 கிலோ, தரையைத் தொடுவது சுமார் 76 சதுர செ.மீ. கால் பங்கு காணாமல் போய்விட்டது! டயரின் சொந்த விறைப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் போக்கு இதுதான்.

"உராய்வு பரப்பைப் பொறுத்ததல்லவே, முதல் வருஷ ஃபிசிக்ஸ்ல படிச்சோமே" என்று யாரோ கேட்பது காதில் விழுகிறது. இரும்பின் மேல் இரும்பு வழுக்கினால் அது சரி. ரப்பர் அந்த விதிக்கு அப்படியே கட்டுப்படாது. ரப்பர் தார்ச் சாலையின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களுக்குள் நெளிந்து இறங்கிப் பிடிக்கிறது. நெளிய விடாமல் உள்ளிருந்து காற்றால் முட்டுக் கொடுத்துவிட்டால் பிடிப்பு எங்கிருந்து வரும்?

அதற்காகக் காற்றைக் குறைத்து ஓட்டுகிறவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து சூடேறும். ஹேண்டில் கனக்கும். ட்யூப் போட்ட சக்கரத்தில் ரிம்மின் மேல் டயர் மெல்ல நகர்ந்து, ட்யூபையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். வால்வு நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதுதான் அறிகுறி. அதை விட்டுவிட்டால் ஒருநாள் வால்வின் அடியில் ட்யூப் கிழியும். அது மெதுவாக இறங்குகிற பஞ்சர் இல்லை. ஒரே மூச்சில் காலியாகும். நெடுஞ்சாலையில், பின்னால் ஆளோடு, லாரிகளுக்கு நடுவில் அது நடந்தால்?

எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும்

நம் மாநிலம் டயருக்குப் புதியதல்ல. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் தொழிலாகத்தான் ஆரம்பித்தது. மதுரைப் பக்கம் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா இரு சக்கர வண்டி டயர் செய்கிறது. நம் சீனியர்களில் சிலர் டயர் ஆலைகளில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்திருக்கிறார்கள். டயர் செய்யப் போகிற நமக்கே டயரைப் படிக்கத் தெரியவில்லை என்றால் எப்படி?

அண்ணனின் வண்டியில் பின் டயரின் அளவு 120/80-18 62பி. இதில் 120 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது உயரம். ஆனால் மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 80 சதவீதம். அதாவது 96 மி.மீ. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். (மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் ஒரே வரியில் கலந்த புண்ணியவான் யாரோ!) 62 என்பது எடைக் குறியீடு, அட்டவணையில் அதற்கு 265 கிலோ. 'பி' என்பது வேகக் குறியீடு. மணிக்கு 150 கி.மீ. வரை. முன் டயர் 100/90-19 57பி. 57 என்றால் 230 கிலோ.

கடைக்குப் போகும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? பட்டன் டிசைன் நன்றாக இருக்கிறதா, விலை குறைவா என்பதைத்தான். எடைக் குறியீட்டை யாரும் பார்ப்பதில்லை. லாங் டூர் போகிறவனுக்கு அதுதான் முதலில் வேண்டும். கணக்குப் பாருங்கள். வண்டி 195 கிலோ. அதில் பாதியளவு பின் சக்கரத்துக்கு என்று வைத்தால் 98. பின்னால் உட்காரும் நண்பன் 70 கிலோ. அவன் பாரம் முழுக்கப் பின்னால்தான். ஓட்டுகிறவன் எடையில் பாதிக்கு மேல், ஒரு 40. கட்டிய பை 20. மொத்தம் 228 கிலோ. 62 போட்ட டயர் 265 கிலோ தாங்கும், கவலையில்லை. "அதே சைஸ் மாதிரிதான் தம்பி, ரேட்டு கம்மி" என்று 54 போட்ட டயரைக் கொடுத்தால் அது தாங்குவது 212 கிலோ. வீட்டு வாசலில் கிளம்பும்போதே ஓவர்லோடு!

இன்னொன்று, தேதி. பக்கச் சுவரில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023-ம் வருஷம் 35-வது வாரம் செய்தது. ரப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படையும். பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிற நாம், உயிரைத் தாங்குகிற டயரில் பார்ப்பதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 15627 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இரு சக்கர, மூன்று சக்கர வண்டி டயருக்கான தர எண் அது.

எப்போது மாற்றுவது? பட்டனின் பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடு இருக்கும். அதற்கு நேராகப் பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்றோ ஒரு முக்கோணமோ போட்டிருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழையில் மலைப்பாதை போகிறவர்கள் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி. பள்ளம் ஆழமாக இருந்தால்தானே தண்ணீர் ஓடப் பாதை இருக்கும்? அளக்கக் கருவி தேடி எங்கும் போக வேண்டாம். நம் வெர்னியரின் வால் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் டெப்த் ராடு எதற்கு இருக்கிறது?

"பெருசா போட்டா கெத்து மச்சி!"

நம் ஸ்டாண்டில் இது ஒரு பெரிய நோய். கம்பெனி கொடுத்ததைவிட அகலமான டயரைப் பின்னால் போட்டுக்கொள்வது. டயர் கடையிலேயே எனக்கு ஆசை காட்டினார்கள். "120-க்குப் பதிலா 130/70-18 போட்டுக்கோ தம்பி, வண்டி பாக்கவே கம்பீரமா இருக்கும்" என்றார்கள்.

அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், அங்கே கணக்குப் போட்டுப் பார்த்தது. 120/80-18 டயரின் மொத்த விட்டம்: ரிம் 457.2, இரண்டு பக்கமும் 96, ஆக 649.2 மி.மீ. 130/70-18 டயருக்கு: 457.2-ம் இரண்டு 91-ம் சேர்த்து 639.2 மி.மீ. 'பெரிய' டயர் என்று விற்றார்களே, அது விட்டத்தில் 10 மி.மீ. சின்னது! அகலம் 10 கூடுகிறது, விட்டம் 10 குறைகிறது. வண்டியின் பின்பக்கம் 5 மி.மீ. கீழே இறங்கும். அதோடு முடியவில்லை. அகல டயர் அகல ரிம்முக்காகச் செய்தது. குறுகிய ரிம்மில் மாட்டினால் இரண்டு கரையும் உள்ளே இழுக்கப்பட்டு, நடு முதுகு கூன் போட்டுக்கொள்ளும். வளைவில் சாயும்போது பொறியாளர் நினைத்த வடிவம் அங்கே இருக்காது. செயினிலோ ஸ்விங் ஆர்மிலோ உரசினால் கேட்கவே வேண்டாம்.

டிசைன் கிளாஸில் ஷாஃப்ட் விட்டத்தை நாமாக மாற்றினால் சார் சும்மா விடுவாரா? வண்டியை வடிவமைத்தவரும் ஒரு எஞ்சினியர்தான். அவர் கணக்குப் போட்டுக் கொடுத்த அளவை மாற்ற நமக்கு ஒரு காரணம் வேண்டும். கெத்து ஒரு காரணம் ஆகாது.

மாட்டும்போதும் பக்கத்தில் நின்று பாருங்கள். சுழலும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். மாற்றி மாட்டிவிடக் கூடாது. ஸ்போக் சக்கரத்தில் டயர் மாற்றினால் ட்யூபையும் ரிம் டேப்பையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய ட்யூப் நீண்டு மடிப்பு விழுந்து கிடக்கும். காற்று வைத்த பிறகு, ரிம்மை ஒட்டி டயரில் ஓடுகிற மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஓர் இடத்தில் உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

குளிர்ந்த டயர், சூடான டயர்

கையேட்டில் சொல்வது குளிர்ந்த டயருக்கான அளவு. காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய அளவு. தெர்மலில் படித்த காஸ் விதியை எடுங்கள். 30 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. இருக்கிற டயர் ஓடி ஓடி 60 டிகிரி ஆனால், வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சுமார் 36.5 காட்டும். அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ ஜாஸ்தி" என்று வழியில் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் 28-க்குப் பக்கத்தில் நிற்கும். சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள்!

"பங்க் அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்கே, போறதுக்குள்ள டயர் சூடாயிருமே?" நல்ல கேள்வி. வீட்டிலேயே உங்கள் கேஜால் பாருங்கள். 32 வேண்டும், 28 இருக்கிறது, குறைவு 4. பங்க்குக்குப் போனதும் அதே கேஜ் 30 காட்டினால், 30-ம் 4-ம் சேர்த்து 34 வையுங்கள். ஆறியதும் சரியாகிவிடும்.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு பரீட்சைக் கணக்கு. கீழே 35 டிகிரியில் 32 வைத்தீர்கள். மேலே, சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், காலையில் 8 டிகிரி. குளிரால் மட்டும் பார்த்தால் அளவு 28-க்கு இறங்க வேண்டும். ஆனால் அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7-ல் இருந்து சுமார் 11.2 ஆகக் குறைந்துவிடுகிறது. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே? ஆகவே அது காட்டுவது சுமார் 31.4. குளிர் எடுத்ததை உயரம் திருப்பிக் கொடுத்துவிட்டது! "மலைக்குப் போனா அஞ்சு பாயிண்ட் கூட்டணும்" என்று ஒருவர், "குறைக்கணும்" என்று இன்னொருவர். இரண்டையும் நம்ப வேண்டாம். போன இடத்தில் காலையில் கேஜை வையுங்கள், அது சொல்லும்.

நைட்ரஜன் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசை மிச்சம் பிடித்துக் கேஜ் வாங்குங்கள் என்பேன்.

எதிர்க்கட்சிக்குப் பதில்

"எங்க அப்பா முப்பது வருஷமா கேஜ் இல்லாமத்தான் ஓட்டுறார். ஒண்ணும் ஆகல" என்று ஒரு நண்பன் சொன்னான். மறுக்கவில்லை. அவர் ஒரே வண்டியை, ஒரே சாலையில், மிதமான வேகத்தில் ஓட்டியிருப்பார். அவர் கட்டைவிரலுக்கு முப்பது வருஷ அனுபவம் உண்டு. நம் கட்டைவிரலுக்கு வயது பத்தொன்பது; அதன் அனுபவமெல்லாம் செல்போன் திரையில்தான்.

"பஞ்சர் கடைக்காரருக்குத் தெரியாததா?" அவருக்குத் தெரியும். என் விஷயத்தில் அவருக்குத்தான் தெரிந்திருந்தது. படிக்கிற எனக்குத் தெரியவில்லை. நான் படித்தவன் என்பதால் அவர் வாயை மூடிக்கொண்டார். அரைகுறைப் படிப்பு செய்கிற கொடுமை இதுதான் தோழர்களே! தெரியாதவன் கேட்டுக்கொள்வான். எல்லாம் தெரிந்தவனுக்கு 42-ன் அர்த்தமும் தெரியும். நடுவில் நிற்கிற நம்மைப் போன்றவர்கள்தான் எண்ணைப் படித்துவிட்டு அர்த்தத்தை விட்டுவிடுகிறோம்.

"காசு?" பேனா மாதிரி பாக்கெட்டில் வைத்துக்கொள்கிற கேஜின் விலை, நண்பர்களோடு ஒரு சினிமாவுக்குப் போய் இடைவேளையில் பப்ஸ் சாப்பிடுகிற காசுதான்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

இனி நம் மாணவர் சங்கத்திடம் கேட்கிறேன். வருஷா வருஷம் கல்ச்சுரல்ஸுக்கு ஒலிபெருக்கி எடுக்கிறோம், பேனர் கட்டுகிறோம். அந்தக் கணக்கில் ஒரு சின்னத் தொகையை ஒதுக்கி, சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு நல்ல பிரஷர் கேஜும் ஒரு கால் பம்ப்பும் வைக்க வேண்டும். செலவு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் மாணவர்கள் இரண்டிரண்டு பேராக முறை வைத்து நிற்கட்டும். வருகிற வண்டிகளின் காற்றை அளந்து, கையேட்டு அளவையும் இருக்கிற அளவையும் ஒரு நோட்டில் எழுதட்டும். வண்டி ஓடி வந்து சூடாகத்தான் இருக்கும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சூட்டோடு அளந்தும் 20 காட்டுகிற டயர்கள் கட்டாயம் சிக்கும்! வருஷக் கடைசியில் அந்த நோட்டே ஒரு புராஜெக்ட் ஆகும். கேஜே பொய் சொன்னால்? அதற்குத்தான் லேபில் டெட் வெயிட் டெஸ்டர் தூசி படிந்து கிடக்கிறதே! செமஸ்டருக்கு ஒருமுறை அதில் வைத்துச் சரிபார்ப்போம். படித்தது பயன்பட்ட மாதிரியும் இருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். அசோசியேஷன் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினராகப் பெரிய பெரிய ஆட்களைத் தேடி அலைகிறோம். ஒருமுறை அந்தப் பஞ்சர் கடை அண்ணனைக் கூப்பிடுவோம். மாலை, சால்வை எல்லாம் போடுவோம். டயரைக் கழற்றி மாட்டிக் காட்டட்டும். "தாங்குறது வேற, வேணுங்கறது வேற" என்று நம் எல்லோருக்கும் அவர் வாயாலேயே சொல்லட்டும்.

என் ரூம் மேட் அடுத்த செமஸ்டரில் அந்தப் பிராக்டிகலை எழுதினான், பாஸ் செய்துவிட்டான். ஆனால் அந்த மணிக்கட்டு மழைக்காலத்தில் வலிக்கிறது என்கிறான். இப்போதும் என் பின்னால் ஏறுகிறான். ஏறுவதற்கு முன்னால் மட்டும் கையை நீட்டுகிறான். நான் பாக்கெட்டில் இருந்து கேஜை எடுத்துக் கொடுக்கிறேன். முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் அவனே அளந்து பார்த்துவிட்டு, "ம்... எடு வண்டிய" என்கிறான்.

அவனுக்கு அந்த உரிமை உண்டு. உங்கள் பின்னால் ஏறுகிறவர்களுக்கும் உண்டு. தங்கையோ, நண்பனோ, வயதான அப்பாவோ, அவர்கள் கேட்க மாட்டார்கள். உங்களை நம்பி ஏறுவார்கள். அவர்களுக்காக நாமே அளப்போம்!

– இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்